ஓவியத்திலிருந்து நாவல் உண்மையில் எதை எடுத்துக்கொள்கிறது?

தூரிகை77 எழுதியது:

நாவலில் ஓர் ஓவியன் வந்துவிட்டால் போதும், "ஓவிய இயக்கங்களின் தாக்கம் கொண்ட படைப்பு" என்று மதிப்புரை எழுதிவிடுகிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. கதாநாயகன் சமையல்காரன் என்றால் அது சமையல் உத்தியில் எழுதிய நாவலா?

நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். நாவலில் வருகிற ஓவியர்கள், ஓவியங்கள், வண்ண வர்ணனைகள் எல்லாவற்றையும் மனதுக்குள் எடுத்துவிடுங்கள். யார் பேசுகிறார், எங்கே நின்று பார்க்கிறார், எதற்குப் பக்கத்தில் எது வைக்கப்பட்டிருக்கிறது என்கிற கட்டுமானம் மட்டும் மிஞ்சும். அதில் ஏதாவது ஓவியப் பள்ளியின் பழக்கம் தெரிந்தால் தாக்கம். தெரியாவிட்டால் அலங்காரம்.

என் கணக்கில் இதில் தேறும் முதல் நாவல் ஓரான் பாமுக்கின் 'என் பெயர் சிவப்பு'. துருக்கியில் 1998ல் வந்தது. ஜி. குப்புசாமி மொழிபெயர்ப்பில் காலச்சுவடு வெளியிட்டதை இங்கே பலர் படித்திருப்பீர்கள். 1591, பனிக்கால இஸ்தான்புல். சுல்தான் மூன்றாம் முராத் ரகசியமாக ஒரு புத்தகம் தயாரிக்கச் சொல்கிறார், அதன் படங்களில் ஐரோப்பிய பாணி கலக்கிறது, அதை வரைந்தவர்களில் ஒருவன் கொல்லப்படுகிறான்.

ஹெராத், தப்ரீஸ் நகரங்களின் பாரசீக நுண்ணோவியம் எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். நிழல் விழாது. தூரத்தில் இருப்பவன் சின்னவனாக மாட்டான், பக்கத்தின் மேல்பக்கத்துக்குப் போவான், அவ்வளவுதான். மாளிகையின் வெளிச்சுவரும் உள்ளே படுத்திருக்கும் இளவரசியும் ஒரே நேரத்தில் தெரியும். நள்ளிரவுக் காட்சியிலும் பாயின் பின்னல் பளிச்சென்று இருக்கும். காரணம், பார்ப்பவர் நிற்கிற இடம் என்று அந்தப் படத்தில் ஒன்று கிடையாது. வெனீஸ் ஓவியத்திலோ எல்லாமே ஒரு ஆள், ஒரு இடம், ஒரு கணம் என்பதிலிருந்து தொடங்கும். அந்த ஆளின் கண்ணுக்கு அருகில் இருந்தால் நாயும் பெரிது, எட்டத்தில் இருந்தால் மசூதியும் சிறிது.

இப்போது நாவலின் அமைப்பைப் பாருங்கள். 59 அத்தியாயங்கள், இருபது பேர் போலப் பேசுகிறார்கள். கிணற்றுக்குள் கிடக்கும் பிணம், கொலைகாரன், துணி விற்கும் யூதப் பெண் எஸ்தர், நாய், மரம், பொற்காசு, மரணம், சிவப்பு நிறம். யாருக்கும் தனி உயரம் இல்லை. தலைமை ஓவியர் உஸ்மானுக்கு எவ்வளவு பக்கமோ ஏறத்தாழ அதே மரியாதை ஒரு செல்லாக்காசுக்கும் உண்டு. ஓவியத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருந்தாலும் இந்த அமைப்பு நுண்ணோவிய அமைப்புதான் என்பது என் கட்சி.

பனங்காட்டு நரி எழுதியது:

உங்கள் கட்சியை உங்கள் சோதனையே தோற்கடிக்கிறது நண்பரே. ஓவியத்தை எல்லாம் நீக்கிவிட்டு அமைப்பை மட்டும் பார்த்தால் எனக்குத் தெரிவது ஃபாக்னர். 1930ல் வந்த 'ஆஸ் ஐ லே டையிங்', 15 குரல்கள், செத்துப்போன தாயும் ஒரு அத்தியாயம் பேசுகிறாள். அத்தியாயங்கள் எத்தனை? அதுவும் 59! மிசிசிப்பியில் எந்த நுண்ணோவியன் இருந்தான்?

பல குரலில் கதை சொல்வது நாவலின் சொந்தச் சொத்து. அதைக் கொண்டுபோய் ஓவியர் வீட்டில் அடகு வைக்க வேண்டாம்.

இரவு வாசகி எழுதியது:

நரி, ஃபாக்னரை எடுத்தது நல்ல அடி. ஆனால் அவரும் ஓவியத்திலிருந்து தப்பியவர் இல்லை. 1925ல் சில மாதங்கள் பாரிஸில் இருந்தவர். ஓவியர் செசானின் படங்களைப் பார்த்துவிட்டு வியந்து அம்மாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தானே கோட்டோவியங்கள் வரைந்தவர். நீங்கள் சொல்கிற அதே நாவலில் களஞ்சியம் தீப்பற்றி எரியும்போது, உள்ளே மரத்தாங்கிகள் மேல் இருக்கும் சவப்பெட்டி ஒரு 'கியூபிசப் பூச்சி' மாதிரித் தெரிகிறது என்று அந்தத் தாயின் மகன் டார்ல் சொல்கிறான். கிராமத்துப் பையன் வாயில் கியூபிசம்! எழுதியவரின் தலைக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

அதற்காகப் 'பல கோணம் என்றால் கியூபிசம்' என்ற சூத்திரத்தை நான் ஏற்கவில்லை. கல்லூரிப் பாடத்தில் இப்படித்தான் சொல்லிக்கொடுத்து எங்களைக் கெடுத்தார்கள். பிக்காசோவும் பிராக்கும் 1910 வாக்கில் செய்தது, ஒரு கிடாரையோ முகத்தையோ உடைத்து அதன் பக்கங்களை ஒரே தளத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏற்றியது. நாவலில் அப்படி ஏற்றவே முடியாது. ஒரு வாக்கியம் முடிந்தால்தான் அடுத்தது வரும். ஏற்றுகிற வேலை வாசகன் தலைக்குள் நடக்க வேண்டும், அதுவும் ஞாபகத்தை வைத்துக்கொண்டு.

கியூபிசத்திலிருந்து புனைகதைக்கு நேராக வந்து சேர்ந்தது வேறொன்று, ஒட்டுதல். 1912ல் பிக்காசோ ஒரு அசையாப்பொருள் ஓவியத்தில் பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணியை ஒட்டி, சுற்றிலும் நிஜக் கயிற்றால் சட்டம் போட்டார். வரையாத பொருள் வரைந்த பொருளோடு ஒரே தளத்தில் உட்கார்ந்துவிட்டது. ஜெர்மன் எழுத்தாளர் டோப்ளின் 1929ல் 'பெர்லின் அலெக்சாண்டர்பிளாட்ஸ்' எழுதும்போது செய்தித்தாள் துண்டுகளைக் கையெழுத்துப் பிரதியிலேயே வெட்டி ஒட்டினார். நம் காலத்தில் ஜெனிஃபர் ஈகன் 2010 நாவலில் ஒரு முழு அத்தியாயத்தையும் பவர்பாயிண்ட் பக்கங்களாகக் கொடுத்தார், ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் தன் குடும்பத்தைப் பற்றித் தயாரித்தது. ராக் பாடல்களின் நடுவே வரும் இடைவெளிகள் மேல் பைத்தியமாக இருக்கும் அவளுடைய அண்ணன், அவனிடம் பேசத் தெரியாத அப்பா. கட்டங்களுக்கும் அம்புக்குறிகளுக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடம்தான் அங்கே கதை சொல்கிறது. அதைச் சாதாரண உரைநடையில் மாற்றி எழுதிப் பாருங்கள், செத்துவிடும். இதுவும் தூரிகையின் சோதனையில் தேறும் என்று நினைக்கிறேன்.

பனங்காட்டு நரி எழுதியது:

ஈகனை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பவர்பாயிண்ட் எந்த ஓவிய இயக்கம்? நாளைக்கு எக்செல் இயக்கம் வருமா?

கிறுக்கல் எழுதியது:

நான் புத்தகங்களுக்குப் படம் போடுகிற ஆள். அந்தக் கண்ணால் 'என் பெயர் சிவப்பு' பற்றி ஒன்று சொல்கிறேன். தூரிகை சொன்னது பாதி சரி, மீதிப் பாதி நேர் எதிர்.

நுண்ணோவியத்தில் பார்ப்பவர் நிற்கும் இடம் இல்லை என்றீர்கள். சரி. அப்படியானால் அந்த உத்தியில் எழுதிய நாவல் எப்படி இருக்க வேண்டும்? எல்லாம் அறிந்த ஒரு கதைசொல்லி, யாருடைய கண்ணும் இல்லாமல், மேலிருந்து சொல்ல வேண்டும். ஆனால் பாமுக் என்ன செய்கிறார்? ஒவ்வொரு அத்தியாயமும் 'நான்' என்று ஆரம்பிக்கிறது. நான் ஒரு பிணம். நான் ஒரு நாய். நான் ஒரு மரம். தன்மை ஒருமையைவிட ஐரோப்பியமான பார்வைக்கோணம் உண்டா? அது ஒரு ஆள், ஒரு இடம், ஒரு கணம் அல்லவா? ஒவ்வொரு அத்தியாயமும் வெனீஸ் உருவப்படம். ஜென்டிலே பெல்லினி இஸ்தான்புல்லுக்கு வந்து சுல்தான் மெஹ்மெதை வரைந்தாரே, 1480 தேதியிட்ட படம், அதே மாதிரி ஒரு சட்டத்துக்குள் ஒரு முகம்.

அதனால் எனக்குப் படுவது இது. துண்டு துண்டாக எடுத்தால் எல்லாம் ஐரோப்பிய உருவப்படங்கள். மொத்தப் புத்தகத்தையும் தள்ளி வைத்துப் பார்த்தால், எல்லோரும் ஒரே உயரத்தில், நிழலில்லாமல், பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் நுண்ணோவியம். கதைக்குள் எந்தச் சண்டைக்காகக் கொலை விழுகிறதோ அதே சண்டை நாவலின் உருவத்துக்குள்ளும் நடக்கிறது. ஃபாக்னரிடம் இது கிடையாது நரி. அங்கே பதினைந்து பேரும் தனித்தனியாகத்தான் இருக்கிறார்கள், அவர்களுடைய துயரமே அதுதான்.

கடைசி அத்தியாயத்தில் நாவலின் நாயகி ஷெகூரே இதைக் கிட்டத்தட்ட வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறாள். அவளுக்கு இரண்டு படங்கள் வேண்டும். ஒன்று அவளுடைய இளவயது உருவப்படம். இன்னொன்று இரண்டு பிள்ளைகளோடு ஒரு தாய் இருக்கும் ஆனந்தப் படம். ஹெராத்காரர்களுக்குக் காலத்தை நிறுத்தத் தெரியும், ஆனால் அவளை அவளாக வரையத் தெரியாது. ஐரோப்பியர்களுக்கு அவளை அவளாக வரையத் தெரியும், காலத்தை நிறுத்தத் தெரியாது. ஆகவே அந்தப் படத்தை யாராலும் வரைய முடியாது, கதையாகத்தான் சொல்ல முடியும் என்று மகன் ஓரானிடம் விஷயத்தை ஒப்படைக்கிறாள். பாமுக்கின் அம்மா பெயரும் ஷெகூரே, அண்ணன் பெயர் ஷெவ்கெத். 22 வயது வரை ஓவியராகவே ஆகிவிட நினைத்த ஆள், ஓவியத்தில் முடியாததற்காகத்தான் நாவலுக்கு வந்தேன் என்று இதைவிட எப்படிச் சொல்வார்?

தூரிகை77 எழுதியது:

கிறுக்கல், இதைப் படித்துவிட்டு புத்தகத்தை மறுபடியும் எடுத்து வைத்துக்கொண்டேன். 'நான்' பற்றிச் சொன்னதை மறுக்க வழியில்லை. இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்.

ஹெராத் மரபில் தனிப் பாணி என்பது குறை. கைத்தடுமாற்றம். பழைய ஆசான்கள் வரைந்தபடியே குதிரையை வரைபவன்தான் நல்ல ஓவியன், பெயரும் போட மாட்டான். அந்தக் காலத்துப் பட்டறையிலும் ஒரு பக்கத்தைப் பலர் சேர்ந்துதான் செய்வார்கள், ஒருவர் கோடு, ஒருவர் வண்ணம், ஒருவர் தங்கப்பூச்சு. கொலை நடந்த பிறகு இது தலைகீழாகிறது. பிணத்தோடு கிடைத்த குதிரைப் படத்தில் மூக்குத்துவாரம் வழக்கமில்லாத விதமாக வெட்டுப்பட்டிருக்கிறது. போட்டி என்று சொல்லி, சந்தேகத்துக்குரிய மூன்று ஓவியர்களையும் அவசரமாக ஒரு குதிரை வரையச் சொல்கிறார்கள். பிறகு உஸ்மானும், கருப்பு என்ற பெயர்கொண்ட பாத்திரமும் சுல்தானின் கருவூலத்தில் நாள்கணக்காக உட்கார்ந்து நூற்றாண்டுப் பழைய ஏடுகளில் அந்த மூக்கைத் தேடுகிறார்கள். குறை அடையாளமாகிறது, அடையாளம் தடயமாகிறது.

இதில் உருவம் எங்கே வருகிறது என்றால், கொலைகாரன் நாவலில் இரண்டு விதமாகப் பேசுகிறான். 'கொலைகாரன்' என்ற தலைப்பில் சில அத்தியாயங்கள். தன் பட்டறைப் பெயரில், ஒன்றும் தெரியாதவன் போலச் சில அத்தியாயங்கள். வண்ணத்துப்பூச்சி, நாரை, ஆலிவ் என்ற மூன்று பெயர்களில் ஒன்று அவனுடையது. கொலைகாரனாகப் பேசும்போது தன் பாணி தெரிந்துவிடாமல் இருக்கப் பாடுபடுவதாக அவனே சொல்கிறான். அப்புறம் வாசகன் என்ன செய்கிறான்? இரண்டு குரல்களையும் பக்கத்தில் வைத்து, எந்த வாக்கியத்தில் கை நழுவியது என்று பார்க்கிறான். உஸ்மான் குதிரையின் மூக்கைப் பார்ப்பது போலவே. ஓவியத்தை ஆராயும் முறையே நாவலைப் படிக்கும் முறையாகிவிட்டது.

தாமிரபரணிக்காரன் எழுதியது:

யாராவது கொலைகாரன் பெயரைச் சொன்னீர்கள் என்றால் இழையை விட்டே போய்விடுவேன். 300ஆம் பக்கத்தில் இருக்கிறேன்.

இரவு வாசகி எழுதியது:

யாரும் சொல்லவில்லை, தைரியமாகப் படியுங்கள்.

தூரிகை சொன்ன மூக்கு விஷயத்துக்கு ஐரோப்பாவில் ஒரு சொந்தக்காரர் உண்டு. 19ஆம் நூற்றாண்டு இத்தாலியர் மொரெல்லி. பழைய ஓவியம் யாருடையது என்று கண்டுபிடிக்க முகத்தையும் புன்னகையையும் பார்க்காதே, காது மடலையும் விரல் நகத்தையும் பார் என்றவர். ஓவியன் கவனம் வைக்காமல் வரைகிற இடத்தில்தான் அவன் கை மாறாமல் இருக்கும் என்பது அவர் கணக்கு. வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க் இந்த மொரெல்லியையும் ஷெர்லாக் ஹோம்ஸையும் ஃப்ராய்டையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். துப்பறியும் கதைக்கும் ஓவிய ஆராய்ச்சிக்கும் ரத்த சம்பந்தம் இருக்கிறது என்பதுதான் சாரம். பாமுக் கொலைக்கதையைத் தேர்ந்தெடுத்தது வாசகனை இழுத்து வைக்க மட்டும் அல்ல என்று இதை வைத்துச் சொல்லலாம்.

பனங்காட்டு நரி எழுதியது:

சரி, பாமுக்கை விட்டுவிடுகிறேன். கிறுக்கல் சொன்னது நியாயமாக இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு நாவலை வைத்துக்கொண்டு 'ஓவியம் கதை உத்தியை மாற்றுகிறது' என்று பொதுவாகச் சொல்ல முடியாது. அதுவும் அது ஓவியர்களைப் பற்றிய கதை. வேறு உதாரணம் இருக்கிறதா?

வன்னிக்குருவி எழுதியது:

இருக்கு. அலி ஸ்மித்தின் 'ஹௌ டு பி போத்', 2014. ஒருத்தரும் இதைப் பற்றிக் கதைக்காதது எனக்கு ஆச்சரியம்.

நானும் என்ர சிநேகிதியும் இங்கே டொரொண்டோவில் ஒரே கிழமையில் இந்தப் புத்தகத்தை வாசிக்கத் தொடங்கினோம். தொலைபேசியில் பேசினால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்கவில்லை. நான் கேம்பிரிட்ஜில் தாயை இழந்த பதினாறு வயதுப் பிள்ளை ஜார்ஜைப் பற்றிச் சொல்கிறேன். அவள் 15ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் ஒருவரின் ஆவி பேசுது என்கிறாள். பிறகுதான் தெரிந்தது, பதிப்பில் பாதிப் பிரதிகளில் ஜார்ஜின் பகுதி முன்னுக்கும், மற்றப் பாதியில் ஓவியரின் பகுதி முன்னுக்கும் அச்சடித்திருக்கிறார்கள். இரண்டு பகுதிக்கும் தலைப்பு 'ஒன்று' என்றுதான். இரண்டு என்று ஒன்றே இல்லை.

அந்த ஓவியர் பிரான்செஸ்கோ தெல் கோசா. நிஜமான ஆள். பெராரா நகரத்து ஸ்கிபனோயா மாளிகையில் மாதங்களின் மண்டபம் என்று ஒன்று இருக்குது. அதில் மார்ச், ஏப்ரல், மே மாதச் சுவர்கள் இவர் செய்தவை. 1470ல், எனக்கும் மற்றச் சாதாரண ஆட்களுக்கும் ஒரே கூலியா, சதுர அடிக்குப் பத்து பொலொனினிக் காசுதானா என்று பிரபுவுக்கே கடிதம் எழுதியவர். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் அந்தச் சுவர்கள் இவருடையவை என்றே தெரிந்திருக்காது. ஸ்மித் இந்த ஆளை ஆண் வேடத்தில் வளர்ந்த பெண்ணாகக் கற்பனை செய்கிறார்.

இப்ப உத்திக்கு வாறன். சுவரோவியத்தில் ஈரச் சாந்தின் மேல் வண்ணம் போடுவார்கள், காயும் முன் முடிக்க வேணும். அதற்கு அடியில் முதல் சாந்துப் பூச்சில் செங்காவிக் கோட்டில் ஒரு வரைபடம் இருக்கும். மேல் ஓவியம் வந்ததும் அது மறைந்துபோகும். 1966ல் ஆர்னோ ஆற்று வெள்ளம் பிளாரன்சுக்குள் புகுந்த பிறகு, கெட்டுப்போன சுவரோவியங்களைக் காப்பாற்ற மேல்படலத்தைப் பிரித்தெடுத்தார்கள். அப்போது அடியிலிருந்த கோடுகள் பல இடங்களில் வெளியே வந்தன. சில இடங்களில் கீழே வரைந்ததும் மேலே தீட்டியதும் ஒன்றில்லை. இரண்டும் ஒரே சுவரில், ஒரே நேரத்தில் இருந்திருக்குது. கீழே இருக்கிறது முதலில் வந்தது, ஆனால் நாங்கள் முதலில் பார்க்கிறது மேலே இருக்கிறதை.

ஸ்மித்தின் நாவல் அதேதான். எந்தப் பகுதியை முதலில் வாசிக்கிறோமோ அது மேற்பரப்பு. மற்றது அடியில் இருந்த கோடு. நான் ஜார்ஜை முதலில் வாசித்ததால் எனக்கு ஓவியரின் ஆவி அந்தப் பிள்ளை பள்ளிக்கூட வேலைக்காகக் கற்பனை பண்ணினதாகக்கூடப் படும். சிநேகிதிக்கு அப்படிப் படவே இல்லை, அவளுக்கு ஆவி உண்மை, ஜார்ஜ்தான் தூரத்தில் தெரிகிற ஆள். இந்த வித்தியாசம் எழுத்தில் இல்லை, வரிசையில் இருக்குது.

பனங்காட்டு நரி எழுதியது:

பதிப்பாளர் தந்திரம் என்று சொல்லத்தான் வந்தேன். ஆனால் சிநேகிதிக்கு ஆவி உண்மை, உங்களுக்குக் கற்பனை என்ற இடத்தில் வாயடைத்துவிட்டீர்கள் அக்கா. மின்னூலில் என்ன செய்தார்கள்?

வன்னிக்குருவி எழுதியது:

மின்னூலில் இரண்டு வரிசையும் இருக்குது தம்பி, விரும்பினதை எடுக்கலாம். அது எனக்குப் பிடிக்கவில்லை. கடையில் எது கைக்கு வந்ததோ அதுதான் என்கிறதில்தான் விஷயமே இருக்குது.

பெரியகோயில் வாசி எழுதியது:

சுவரோவியப் படலம் என்றதும் எங்கள் ஊரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் 1931 வரை எல்லோரும் பார்த்தது நாயக்கர் கால ஓவியங்களை மட்டும்தான். அந்த வருடம் அண்ணாமலைப் பல்கலைக்கழக எஸ்.கே. கோவிந்தசாமி, நாயக்கர் படலம் உதிர்ந்த இடங்களில் அடியில் சோழர் கால ஓவியம் இருப்பதைக் கண்டுபிடித்தார். பிற்பாடு தொல்லியல் துறை நாயக்கர் படலத்தைச் சேதமில்லாமல் பிரித்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளில் பதித்து வைத்தது.

வன்னிக்குருவி சொல்வதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பிளாரன்சில் அடியில் இருப்பது அதே ஓவியத்தின் முன்வரைவு. தஞ்சாவூரில் அடியில் இருப்பது அறுநூறு வருடம் மூத்த வேறொரு முழு ஓவியம். மேலே வரைந்தவருக்கு அது பழைய சுவர், அவ்வளவுதான். இந்த இரண்டு உறவுகளும் வேறு வேறு கதை உத்திகள் என்று நினைக்கிறேன். முதலாவது அலி ஸ்மித்திடம் இருக்கிறது என்கிறீர்கள். இரண்டாவதை, அதாவது அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே அதன் மேல் கதை சொல்கிற கதைசொல்லியை, யாராவது தமிழில் எழுதியிருக்கிறார்களா?

இரவு வாசகி எழுதியது:

தமிழுக்கு வந்துவிட்டோம், நல்லது. இங்கே ஓவியர்களும் எழுத்தாளர்களும் ஒரே திண்ணையில் உட்கார்ந்த காலம் ஒன்று இருந்தது. 1966ல் ஓவியர் பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் கலைக் கிராமம். 1970ல் 'கசடதபற' சிறுபத்திரிகை. சிறுபத்திரிகை அட்டைகளில் நவீனக் கோடுகள். கி.ராவின் கரிசல் கடுதாசிகளுக்கு ஓவியர் ஆதிமூலம் போட்ட படங்களை விகடன் குழும வாசகர்கள் இன்றும் சொல்வார்கள்.

ஆனால் எனக்கு ஒரு குறை. ஓவியம் அட்டைக்கும் ஓரத்துக்கும் வந்ததே தவிர வாக்கியத்துக்குள் எவ்வளவு வந்தது? சி. மோகன், சோழமண்டலத்து ஓவியர் ராமானுஜத்தின் வாழ்க்கையை ஆதாரமாக வைத்து 'விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்' எழுதினார். முக்கியமான முயற்சி. ராமானுஜத்தின் கோட்டோவியங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காகிதத்தில் ஊசி முனை இடம் விடாமல் கோபுரமும் பாம்பும் மாளிகையும் தொப்பி வைத்த அவருமாக நிறைந்திருக்கும். அந்த நெரிசல் உரைநடையின் உத்தியாக வந்தால் எப்படி இருக்கும் என்பது என் ஆசை. அந்த மாதிரி நெரிசலுக்கு அருகில் வருவது கோணங்கியின் உரைநடை. ஆனால் அதைச் சர்ரியலிசம், அதாவது கனவு மாதிரியான கலை, என்று ஒரு சொல்லில் அடைத்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். எந்த வாக்கியம் எந்த இடத்தில் ஓவியம் போல நடந்துகொள்கிறது என்று யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

கிறுக்கல் எழுதியது:

இதற்குக் காரணம் படம் போடுகிற எங்கள் பக்கமும் இருக்கிறது. கதையைப் படித்துவிட்டு அதில் வருகிற ஒரு காட்சியை வரைந்து கொடு என்றுதான் கேட்பார்கள். கதையின் அமைப்பை வரை என்று எந்த ஆசிரியரும் என்னிடம் கேட்டதில்லை.

பாமுக் பக்கம் இன்னொரு விஷயம் விட்டுப்போய்விட்டது. 2008ல் 'தி மியூசியம் ஆஃப் இன்னசென்ஸ்', 2012ல் அதே பெயரில் இஸ்தான்புல் சுகுர்ஜுமா பகுதியில் நிஜ அருங்காட்சியகம். நாவலில் 83 அத்தியாயம், அங்கே 83 பெட்டிகள். நாவலில் வரும் காதலி புகைத்துப்போட்ட 4,213 சிகரெட் துண்டுகளைச் சுவரில் ஊசி குத்தி வைத்திருக்கிறார். கடைசி அத்தியாயத்தில் நுழைவுச்சீட்டு அச்சடித்திருக்கும், புத்தகத்தைக் கொண்டுபோனால் இலவசம். இது நிறுவல் கலையிலிருந்து, அதாவது பொருள்களை ஓர் இடத்தில் அடுக்கி வைத்தே படைப்பாக்கும் கலையிலிருந்து வந்த உத்தி. கதையைக் காரண காரியத்தால் நகர்த்தாமல் பொருளிலிருந்து பொருளுக்கு நகர்த்துகிறார். அதனால்தான் நாவல் நடுவில் அநியாயத்துக்கு இழுக்கிறது. நூறு பக்கம் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்துவிடுகிறார். உத்தி புரிந்தாலும் கொட்டாவி கொட்டாவிதான்.

தாமிரபரணிக்காரன் எழுதியது:

நான் சிறுகதை எழுதிப் பழகுகிறவன். இவ்வளவு நேரம் படித்ததில் எனக்கு உபயோகமாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு கல்யாண வீட்டுக் கதை. பந்தியில் பன்னிரண்டு பேர். யாரும் கதாநாயகன் இல்லை. படர்க்கையில் எழுதினேன், ஆனாலும் எல்லாமே மணப்பெண்ணின் சித்தப்பா கண் வழியாகவே போகிறது. தூரிகை சொன்ன அந்த நிழலில்லாத தட்டையை எப்படிக் கொண்டுவருவது?

தூரிகை77 எழுதியது:

உங்கள் கதையைப் பார்க்காமல் சொல்கிறேன், பொருந்தினால் எடுத்துக்கொள்ளுங்கள். 'தெரிந்தது', 'கேட்டது', 'பார்த்தார்', 'தோன்றியது' எல்லாவற்றையும் பென்சிலால் வட்டமிடுங்கள். "வாசலில் மாப்பிள்ளை கார் வந்து நிற்பது தெரிந்தது" என்று எழுதினால் ஒரு ஆள் ஒரு இடத்தில் நிற்கிறார் என்று அர்த்தம், அவர் சித்தப்பாதான். "வாசலில் மாப்பிள்ளை கார் நிற்கிறது, அடுக்களையில் வெங்காயம் தீர்ந்துவிட்டது" என்று எழுதினால் இரண்டையும் ஒரே ஆள் பார்த்திருக்க முடியாது. சுவர் போய்விட்டது, நுண்ணோவிய மாளிகையில் போவது மாதிரி.

அப்புறம் தூரம். 'தூரத்தில்', 'பக்கத்தில்', 'அந்தப் பக்கம்' எல்லாம் ஒருவர் உடம்பிலிருந்து அளக்கிற அளவுகள். அதற்குப் பதிலாக இடத்தின் பெயரைச் சொல்லுங்கள்: பந்தல்கால், தொட்டி, மூன்றாவது இலை.

இன்னொரு வழியும் இருக்கிறது. 1582ல் மூன்றாம் முராத் தன் மகனின் சுன்னத்து விழாவைக் கொண்டாடினார், அதன் படப்புத்தகத்தை நிஜமான நக்காஷ் (ஓவியர்) உஸ்மானும் குழுவும் செய்தார்கள். பாமுக் நாவலில் வரும் அதே உஸ்மான். அதில் பக்கத்துக்குப் பக்கம் அதே குதிரைப்பந்தய மைதானம், அதே மாடம், அதே பார்வையாளர் வரிசை. நடுவில் போகும் ஊர்வலம் மட்டும் மாறும், ஒருமுறை கண்ணாடி ஊதுபவர்கள், ஒருமுறை வேறு தொழில்காரர்கள். உங்கள் பந்தியை அப்படி வைத்துப் பாருங்கள். இலை, விரிப்பு, வாளி எல்லாம் ஒவ்வொரு பத்தியிலும் அதே சொற்களில் வரட்டும், உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் மாறட்டும்.

பனங்காட்டு நரி எழுதியது:

சித்தப்பாவை முழுசாக வெளியேற்றிவிடாதீர்கள் தம்பி. கிறுக்கல் சொன்னபடி பார்த்தால் எல்லாமே தட்டையாக இருந்தால் பாதிதான். ஒவ்வொரு இலைக்காரரும் ஒரு பத்தியில் 'நான்' என்று பேசட்டும், சாம்பார் வாளி உட்பட. எழுதி முடித்ததும் இங்கே போடுங்கள், அடிக்கிறேன்.

தாமிரபரணிக்காரன் எழுதியது:

வாளி பேசினால் எங்கள் ஊர் இலக்கிய வட்டத்தில் சிரிப்பார்கள். ஆனால் மூன்றாவது இலை பிடித்திருக்கிறது, அதில் ஆரம்பிக்கிறேன். கொலைகாரன் யார் என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டது, வெட்டுப்பட்ட மூக்கு அத்தியாயத்தை மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன். தயவுசெய்து யாரும் உதவ வேண்டாம்.